பதிவுப் பெட்டியின் சாவி

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு தகராறு. சென்ற மார்கழியில் திருவதிகைக் கோயில் மதிலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் தமிழ் நடத்தும் நண்பர் பண்ருட்டி ஒரு பனாப்டிகான் ஆகிவிட்டது என்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை நடந்து வந்ததில் நாற்பதுக்கு மேற்பட்ட காமிராக்களை எண்ணியதாகச் சொன்னார். பலா மண்டி, நகைக்கடை, முந்திரிக் கிடங்கு, கல்யாண மண்டபம், மாடி வீடுகளின் வாசல் என்று எல்லா இடத்திலும் ஒரு கண். ஃபூக்கோ 1975இல் எழுதியதைப் பண்ருட்டி இப்போது செய்து காட்டுகிறது என்பது அவர் கட்சி. நண்பர் ஃபூக்கோவைப் பற்றிப் பேசும்போது அவருக்கு ஒருவிதக் களிப்பு வந்துவிடுகிறது. நாமெல்லாம் ஜெயிலில் இருக்கிறோம் என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லக் கூடியவர்கள் நம் சிற்றிதழ் வட்டத்தில்தான் உண்டு.

எனக்கு அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நான் பாங்க் குமாஸ்தா. என் கவுண்ட்டருக்கு மேலே, சற்று இடப்பக்கமாக, ஒரு கறுப்புக் கண்ணாடிக் குமிழ் பத்து வருஷத்துக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் நோட்டு எண்ணுவதையும், கொட்டாவி விடுவதையும், மேஜைக்கடியில் வைத்து இதே பத்திரிகையின் பழைய இதழைப் புரட்டுவதையும் அது அறியும். ஆனால் இந்தப் பத்து வருஷத்தில் அதன் வழியாக யாராவது என்னைப் பார்த்தார்களா என்று கேட்டால், இரண்டே இரண்டு தடவை என்றுதான் சொல்ல முடியும். இரண்டு தடவையும் பணம் கணக்கில் இடித்த நாட்கள். மற்ற நாளெல்லாம் அது பார்த்தது, யாரும் பார்க்கவில்லை. இந்த வித்தியாசம் அற்பமானதல்ல என்று எனக்குப் படுகிறது. இதைப் பின்தொடர்ந்து போனதில் சேர்ந்த சில விஷயங்களைத்தான் கீழே எழுதுகிறேன்.

பெந்தாமிடமிருந்தே ஆரம்பிக்கலாம். நம்மவர்கள் அவரை ஃபூக்கோ வழியாகத்தான் அறிகிறார்கள், அதனால் பனாப்டிகான் என்றதும் ஜெயில்தான் நினைவுக்கு வருகிறது. மூலம் ஜெயில் அல்ல, பட்டறை. ஜெரமி பெந்தாமின் தம்பி சாமுவேல் ரஷ்யாவில் இளவரசர் பொட்டம்கினின் பண்ணையில் வேலை பார்த்தவர். கிரிச்செவ் என்ற ஊரில் ஏகப்பட்ட பயிற்சியில்லாத வேலையாட்களைச் சில மேற்பார்வையாளர்களைக் கொண்டு சமாளிக்க வேண்டியிருந்தது. வட்டமான கட்டடம், நடுவில் மேற்பார்வையாளன், சுற்றிலும் வேலையாட்கள் என்று அவர் ஒரு யோசனை செய்தார். தம்பியைப் பார்க்கப் போன அண்ணனுக்கு இது பிடித்துப் போய், 1787இல் அங்கிருந்தே கடிதங்களாக எழுதினார். 1791இல் புத்தகமாக வந்தது. ஜெயில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பைத்தியக்கார விடுதி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று அண்ணன் கண்டுகொண்டார். தம்பி கவலைப்பட்டது வேலை நடக்கிறதா என்பதைப் பற்றித்தான். லண்டனில் அந்த ஜெயிலைக் கட்ட அண்ணன் இருபது வருஷம் போல் அலைந்தார். கட்ட விடவில்லை. கடைசியில் 1813இல் 23,000 பவுன் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு ஓய்ந்தார். அவரே கேட்டுக்கொண்டபடி, இறந்த பிறகு அவருடைய எலும்புக்கூட்டுக்கு உடை உடுத்தி லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லோரையும் ஒருவன் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டவரை இப்போது போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள்.

பனாப்டிகானின் சூட்சுமம், நடுவில் ஆள் இல்லாவிட்டாலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றிலும் இருப்பவன் ஒழுங்காக நடப்பான் என்பது. நண்பர் இதைத்தான் பண்ருட்டிக்குப் பொருத்துகிறார். ஆனால் என் அனுபவத்தில், காமிராவுக்குக் கீழே உட்காருகிறவன் பதினைந்து நாளில் அதை மறந்துவிடுகிறான். மண்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறவர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக்கொண்டுதான் இன்னமும் பேசுகிறார்கள், ஆனால் அது காமிராவுக்காக அல்ல, பக்கத்தில் நிற்கும் வியாபாரிக்காக. காமிரா ஒழுங்கை உண்டாக்குவதில்லை. அது காத்திருக்கிறது. ஏதாவது நடந்த பிறகு யாரோ ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து பின்னோக்கி ஓட்டுகிறார். ஆகவே அதை ஜெயில் கோபுரம் என்பதைவிடச் சாட்சி என்பதுதான் பொருத்தம். வாயில்லாத சாட்சி, கேட்கிறவன் எங்கிருந்து எங்கு வரை கேட்கிறானோ அவ்வளவுக்கு மட்டுமே பதில் சொல்லும் சாட்சி.

இந்த யந்திரத்தின் பூர்வீகத்தைப் பார்த்தாலும் முதலில் மனிதனைப் பார்ப்பதற்காக அது உண்டாகவில்லை. 1942இல் ஜெர்மனியில் பீனமுண்டே என்ற இடத்தில் ராக்கெட் கிளம்புவதைப் பத்திரமான தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வால்ட்டர் ப்ரூக் என்ற எஞ்சினியர் காமிராவையும் திரையையும் கம்பியால் இணைத்தார். வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் செத்துப் போவான், அதனால் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த ராக்கெட்டுகள் லண்டனில் விழுந்தன என்பது வேறு கதை. இதே ப்ரூக்தான் பிற்பாடு பால் என்ற வர்ண டெலிவிஷன் முறையைக் கண்டுபிடித்தவர். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு நம் நாட்டுக்கு வர்ண டெலிவிஷன் வந்தபோது வந்தது அந்த முறைதான். நம் வீட்டுக் கூடத்தில் நாம் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்கும் நம்மைப் பார்க்கிற பெட்டிக்கும் ஒரே தகப்பன் என்பதில் ஏதோ இருக்கிறது. அதை அழுத்திச் சொன்னால் கவிதையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்குக் காமிராவைக் கொண்டுவந்தது ஒரு பெண். நியூயார்க்கில் ஜமைக்கா என்ற பகுதியில் வசித்த கறுப்பின நர்ஸ், மேரி வான் பிரிட்டன் பிரவுன். அவருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த அவர் கணவருக்கும் வெவ்வேறு நேரத்தில் வேலை. அகாலத்தில் தனியாக வீட்டில் இருக்கும்போது கதவைத் தட்டுவது யார் என்று தெரியாது. அந்தப் பேட்டையில் போலீஸைக் கூப்பிட்டால் சாவகாசமாகத்தான் வருவார்கள். கதவில் வெவ்வேறு உயரத்தில் நாலு துவாரம், அவற்றில் மேலும் கீழும் நகரும் ஒரு காமிரா, படுக்கையறையில் திரை, வெளியில் இருப்பவனோடு பேச ஒரு வசதி, அங்கிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்தென்றால் தகவல் கொடுக்க இன்னொரு பொத்தான். 1966இல் விண்ணப்பித்து 1969 டிசம்பர் 2ஆம் தேதி காப்புரிமை பெற்றார்கள். இந்த உபகரணத்தின் சரித்திரத்தில் நான் மனப்பூர்வமாக மதிக்கிற கட்டம் இது ஒன்றுதான். பார்க்க வேண்டியவளே பார்த்தாள். பெட்டி அவள் படுக்கையறையில் இருந்தது. போலீஸ் வராத தெருவில் வசிப்பவள் தன் கதவுக்குத் தானே ஒரு கண் வைத்துக்கொண்டாள்.

அமெரிக்காவையும் ஜெர்மனியையும் பேசிவிட்டு நம் ஜில்லாவை விட்டுவிடுவது நம் விமர்சகர்களுக்கு வழக்கம். காமிரா இல்லாத காலத்தில் நம்மிடம் கண்காணிப்பே இல்லை என்பதுபோல ஒரு பாவனை. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஊர்க்காவலுக்கு வரியே இருக்கிறது. ஒற்றாடலுக்குக் குறள் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. இதெல்லாம் தமிழ்ப் பேராசிரியர்கள் பெருமையோடு எடுத்துக் காட்டும் விஷயங்கள், அவர்களிடமே விட்டுவிடலாம். நான் சொல்ல வருவது அதைவிடக் கிட்டத்தில் நடந்தது. 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரோடு போடச் சரக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்ட ஓர் உள்ளூர்க்காரரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பேச்சு மாறாமல் இருக்கத்தான். அந்த விளையாட்டு வளர்ந்து, 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைச் செய்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு வங்காள சப்-இன்ஸ்பெக்டர்கள். பெயர் போனது அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. 1901இல்தான் ஸ்காட்லாந்து யார்டு இதை எடுத்துக்கொண்டது. நம்மீது பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை ராஜதானிக்கும் வந்தது. தெற்கே ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். சட்டத்தின் தத்துவத்தை அதன் பெயரைவிட இந்தப் பெயர் சரியாகப் பிடித்திருக்கிறது. பிறந்த சாதியைக் கொண்டே ஒருவனைத் திருடன் என்று பதிவு செய்து, ரேகை எடுத்து, ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ வந்து படுக்க வைத்தார்கள். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்கள்மீது போலீஸ் சுட்டது. இதை எல்லோரும் மதுரை விவகாரமாகவே பேசுகிறார்கள். போலீஸ் அதிகாரி முல்லாலி 1892இல் ராஜதானியின் குற்ற வகுப்புகள் என்று வெளியிட்ட குறிப்புப் புத்தகத்தில், நம் தென்னாற்காட்டு வேப்பூர்ப் பக்கத்துச் சேரி ஜனங்களுக்கும் ஓர் இடம் உண்டு. வேப்பூர் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். சட்டம் ராஜதானியில் 1947இல் போயிற்று, தேசம் முழுவதும் 1952இல் ஒழிந்தது. ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் பிறகு பார்ப்பது என்ற பழக்கத்தை ஒழிக்க அரசிதழில் ஓர் அறிவிப்புப் போதவில்லை.

டெலிஸ்க்ரீனைக் கற்பனை செய்த ஆர்வெல்லும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவர்தான். 1922 முதல் 1927 வரை பர்மாவில் இம்பீரியல் போலீஸில் உத்தியோகம் பார்த்தவர். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு அந்த நாவலை ரஷ்யாவைப் பற்றியதாகவே நடத்தினார்கள். பர்மாவில் ரோந்து போனவன் எழுதியது என்று யாரும் சொல்லவில்லை.

இனி என் தொழிலைச் சேர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். 2012 பிப்ரவரியில் நான் பாங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு எட்டு வாரம்கூட ஆகவில்லை, 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்து எங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிருந்தது. தாத்தா காலத்து மரங்கள். விறகு வியாபாரிகள் சொன்ன விலைக்கு ஜனங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் ஒரு டீக்கடை டெலிவிஷனில் ஒரு முகத்தைக் காட்டினார்கள். ஜனவரி 23ஆம் தேதி சென்னையில் பெருங்குடியிலும் பிப்ரவரி 20ஆம் தேதி கீழ்க்கட்டளையிலும் பட்டப்பகலில் இரண்டு பாங்க் கிளைகளில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்திருந்தார்கள். அந்த இரண்டு கிளைகளிலும் காமிரா இல்லை. போலீஸ் வேறு பாங்க்குகளின் பதிவுகளைப் புரட்டி, நோட்டம் பார்க்க வந்ததாகச் சந்தேகித்த ஓர் இளைஞனின் உருவத்தை எடுத்து வெளியிட்டது. பை ஒன்றோடு நடக்கிறான். அவ்வளவுதான் படம். கவுண்ட்டர் பக்கம் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

படம் வெளியான ராத்திரியே தகவல் கிடைத்ததாகச் சொல்லி, 23ஆம் தேதி அதிகாலையில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டை போலீஸ் சூழ்ந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் செத்தார்கள். அவர்கள் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமைக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். அவர்கள் வடநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும், வாடகைக்கு வீடு பிடித்திருக்கும் வடநாட்டுக்காரர்களின் விவரங்களை ஸ்டேஷன்கள் சேகரிக்க ஆரம்பித்தன. டீக்கடையில் எல்லோரும் திருப்தியாகப் பேசினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், ஒன்றும் பேசவில்லை. பரீட்சை பாஸாகி நாளைக்கு இப்படி ஒரு கவுண்ட்டரில் உட்காரப் போகிறவன் என்ற எண்ணம் எனக்குள் ஓடியது, அந்தத் திருப்தியில் எனக்கும் பங்கு இருந்தது. இதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு படத்துக்கும் ஐந்து சாவுக்கும் இடையில் ஒரு கோர்ட் இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கச் சில வருஷம் பிடித்தது. படம் நிரூபணமல்ல, அது விசாரணைக்கு ஆரம்பம். அன்றைக்கு அதுவே முடிவாயிற்று.

அந்த வருஷத்தின் இறுதியில் நகரங்களில் ஜனங்கள் கூடும் கட்டடங்களில் காமிரா பொருத்துவதைக் கட்டாயமாக்கி அரசு விதிகள் கொண்டுவந்தது. 2017இலிருந்து சென்னைப் போலீஸ் ஐம்பது மீட்டருக்கு ஒரு காமிரா என்று இயக்கமே நடத்தியது. கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் பணத்தைப் போட்டு வாங்கிப் பொருத்தினார்கள். லட்சக்கணக்கில் பெருகி, உலகப் பட்டணங்களில் சதுர கிலோமீட்டருக்கு 657 காமிராக்களோடு சென்னை முதலிடம் என்று 2020இல் ஓர் அந்நியக் கம்பெனி கணக்குச் சொன்னது. இயக்கத்துக்கு இட்ட பெயர் மூன்றாவது கண். இந்தப் படிமத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் புராணம் படித்திருக்க மாட்டார்கள். சிவனுடைய மூன்றாவது கண் பார்ப்பதற்கானதல்ல, எரிப்பதற்கானது. அட்ட வீரட்டங்களில் அந்தக் கண்ணுக்கு உரிய தலம் திருக்குறுக்கை. மன்மதன் சாம்பலானது அங்கே. எங்கள் திருவதிகையிலோ திரிபுரத்தை எரித்ததற்குக் கண்கூடத் தேவைப்படவில்லை, ஒரு சிரிப்புப் போதுமாக இருந்தது என்று கதை. வேளச்சேரியை நினைத்துப் பார்த்தால் போலீஸ் வைத்த பெயர் அவர்கள் நினைத்ததைவிடப் பொருத்தமானது என்றே தோன்றுகிறது.

இதுவரை எழுதியது புத்தகமும் பத்திரிகையும் படித்து எவரும் எழுதக்கூடியது. அடுத்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. என் மாமா ஒருவருக்குக் காடாம்புலியூர்ப் பக்கம் சிறிய முந்திரிப் பட்டறை. கொட்டை உடைக்கவும் தோல் உரிக்கவும் தரம் பிரிக்கவும் முப்பது பெண்கள் போல வருவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும், இது வெகுகாலமாக எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். காலையில் நிறுத்துக் கொடுத்து மாலையில் நிறுத்து வாங்குவதும் உண்டு. 2019இல் மாமா நாலு காமிராவும் ஒரு பதிவுப் பெட்டியும் வாங்கினார். இனி யாரும் முந்தானை உதற வேண்டாம் என்று சொன்னார், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். இங்கிலீஷ் படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டனுப்பி, கூட வந்த புத்தகத்தைப் பார்த்துத் தேதியும் மணியும் வைக்கச் சொன்னார். வைத்தேன். முந்தானை உதறுவது ஒரு மாதம் நின்று, மறுபடி ஆரம்பித்துவிட்டது. காமிராவும் இருந்தது, உதறலும் இருந்தது. சாமுவேல் பெந்தாமின் வட்டக் கட்டடத்திலும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

அடுத்த கோடையில் தோல் உரித்த பருப்பு ஒரு டின் கணக்கில் குறைந்தது. பெட்டியை ஓட்டிப் பார்க்க மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். முற்றத்துக் காமிராவில், மத்தியானம் 12 மணி 40 நிமிஷத்துக்கு, ஆளில்லாத முற்றத்தில் ஒரு பெண் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போகிறாள். இருபது வருஷமாக அங்கே வேலை பார்த்தவள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அம்மா கேட்டார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதுதான் என்றாள். மாமி, சாயங்காலம் கேட்டு வாங்கியது உண்மைதான், அந்த டின் கணக்கில் இருக்கிறது, இது மத்தியானம் அல்லவா என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள்தான், மணி 12.40 என்று திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, வேறு ஏதோ வேலையாகப் போயிருந்தபோது அந்தத் துண்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவளுடைய நிழல் முற்றத்தைத் தாண்டிக் கிழக்குச் சுவரில் ஏறியிருந்தது. உச்சிவேளையில் நிழல் காலடியில் கிடக்கும். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து 2 மணிவரை கரண்ட் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் சின்ன பாட்டரி செத்துப் போயிருந்ததால், கரண்ட் போனபோது நின்ற கடிகாரம் கரண்ட் வந்ததும் ஒன்பது மணியிலிருந்து ஓட ஆரம்பித்திருக்கிறது. திரையில் 12.40 என்பது நிஜத்தில் 5.40. அவள் சொன்னது அப்படியே உண்மை. கவிதையில் படிமத்தை எப்படி வாசிப்பது என்று இதே பக்கங்களில் உபதேசம் செய்கிற நான், கண்ணெதிரே இருந்த நிழலை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்த எண்ணை வாசித்தேன். மாமாவிடம் சொன்னேன். "போனது போவட்டும்டா, கூப்ட்டா வரட்டும்" என்றார். ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. காணாமல் போன டின் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும், பின்னாலேயே போன அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தகப்பனும் இறந்தார்கள். இருவரும் தரையில் உருண்டு புரண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது. பக்கத்துக் கடைக் காமிராவில் அப்படி எதுவும் இல்லை. ஜெயராஜ் பேசாமல் போலீஸோடு நடந்து போகிறார். திருடனைப் பிடிக்க ஒரு கடைக்காரர் தன் காசில் மாட்டியது போலீஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஸ்டேஷனுக்குள்ளும் காமிரா இருந்தது, ஒரு டெராபைட் கொள்ளும் பெட்டியும் இருந்தது. ஆனால் அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு எழுதினார். மாமாவின் பெட்டியும் ஒரு டெராபைட்தான். முப்பது பெண்களின் ஒரு மாத நடமாட்டத்தை அது பத்திரமாக வைத்திருந்தது.

அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி, எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம் ஒன்று விடாமல் காமிரா வைக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேரி பிரவுன் காப்புரிமை பெற்ற அதே தேதி. தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு அந்த நர்ஸின் ஞாபகம் வந்தது. உத்தரவு போட்டாயிற்று, ஆனால் பல ஸ்டேஷன்களில் காமிரா வேலை செய்யவில்லை என்று 2025இல் அதே கோர்ட் தானாக முன்வந்து மறுபடி கேட்க வேண்டியிருந்தது. நண்பரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். நடுக் கோபுரம் என்று ஒன்றில்லை. ஆயிரம் பெட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சொந்தக்காரன். எதை வைத்திருப்பது, எதை அழியவிடுவது, எந்தத் துண்டை ஓட்டிக் காட்டுவது என்று அவன் தீர்மானிக்கிறான். எண்ணுவதானால் காமிராவை எண்ணிப் பிரயோஜனமில்லை, சாவிகள் யார் இடுப்பில் இருக்கின்றன என்று எண்ண வேண்டும்.

எங்கள் கிளையில் அது மேனேஜர் ரூமில் ஒரு மர அலமாரிக்குள் இருக்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதற்குப் பிறகு, அந்த நாளிலிருந்து டிசம்பர் 30 வரையுள்ள பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி ரிசர்வ் பாங்க் எழுதியது. 2021இல் மறுபடி அதையே ஞாபகப்படுத்தியது. கறுப்புப் பணத்தை மாற்றியவனையும், மாற்றிக் கொடுத்த எங்களைப் போன்ற குமாஸ்தாக்களையும் பிடிக்கத்தான். அந்தப் பதிவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அதற்குள் இருந்தவன். முந்திரி விற்ற காசை மாற்றக் காலையிலேயே வந்து மத்தியானம் வரை நின்ற கிழவர்கள் இருப்பார்கள். புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் சேர்த்த நாலு நோட்டைப் புருஷனுக்கு எதிரிலேயே எடுத்து நீட்ட வேண்டி வந்த பெண்கள் இருப்பார்கள். அந்த ஐம்பது சொச்ச நாளின் உண்மையான சரித்திரம் வேறெங்கும் அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. எந்தச் சரித்திரக்காரனுக்கும் அந்த அலமாரி திறக்காது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எங்கள் கிளைக்கு வந்தாள். நூறு நாள் வேலைப் பணம் கணக்கில் நிற்கிறது, ஆதார் சரிபார்க்க வேண்டும் என்று ஊரில் சொல்லியனுப்பியிருந்தார்கள். யந்திரத்தில் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். விழவில்லை. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்து, விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. பட்டறைப் பெண்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான், எங்களுக்கு இது பழக்கம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை. வேறு வழியில் செய்து தருகிறேன், போட்டோ வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். பழைய விஷயத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். பின்னால் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டே என் தலைக்கு மேலே பார்த்தாள். "இதுல மணி சரியா ஓடுதா தம்பி?" என்று கேட்டாள்.

சாயங்காலம் மேனேஜர் போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். மூன்று நிமிஷம் பின்தங்கியிருந்தது.